கடுகின் பல்லும் ஒரு சிவப்பு அம்பும்

சுவரில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் பல்லைக் கண்டாலே கடுகின் அம்மாவுக்கு ஆகாது. குழந்தைகள் பல் பிரிவின் வாசலுக்கு நேரெதிரே ஒட்டியிருந்த படம் அது. பல்லுக்குக் கை, கால், கண், கன்னத்தில் குழி வேறு. ஒரு கையில் பிரஷ். இன்னொரு கையின் விரலை நீட்டி, உள்ளே வருகிற தாய்மார்களையெல்லாம் நீதானே என்று காட்டிக்கொண்டிருக்கும். ஒன்பது மாதத்தில் மூன்றாவது முறையாக அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். உனக்கென்ன, தாளில் அச்சடித்த பல், உனக்குச் சொத்தையா வரப்போகிறது என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

மடியில் கடுகு. நாலரை வயதுப் பெண். நல்ல பெயர் ஒன்று இருக்கிறது, அது ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுத மட்டும்தான் பயன்படும். பிறந்தபோது எடை குறைவு, ஆனால் அழுதால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று லாரி ஓட்டும் அவள் அப்பா சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் காரம் இப்போது பாதி இறங்கிவிட்டது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் பழுப்பேறி, ஓரம் கரைந்து, குச்சி குச்சியாக நின்றன. கடைவாயில் இரண்டு குழி. எதையும் இடப்பக்கமாகவே மென்று பழகியிருந்தாள். சிரிப்பு வந்தால் மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாப் பல்லையும் சரிசெய்துவிடலாம் என்று முதல் முறையே சொல்லிவிட்டார்கள். கடுகுக்கு வலிப்பு உண்டு, அதனால் இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடியும், அதற்கு வரிசை உண்டு. ஒன்பது மாதத்தில் கடுகு பதினேழாவது இடத்துக்கு வந்திருந்தாள். அந்த வரிசைக்கு ஒரு சட்டமும் உண்டு. ஒவ்வொரு முறையும் பெற்றோருக்கு அறிவுரை சொல்ல வேண்டும். முதல் முறை சொத்தை இருந்தாலும், அடுத்தடுத்த முறை அது கூடியிருந்தாலும், தாளின் அடியில் இருக்கும் கட்டத்தில் 'பெற்றோருக்கு அக்கறை இல்லை' என்று டிக் போட வேண்டும். மூன்று டிக் விழுந்தால் பிள்ளை வரிசையிலிருந்து கழன்றுவிடும். ஆறு மாதம் கழித்து வந்து முதலிலிருந்து நிற்க வேண்டும். கடுகின் தாளில் இரண்டு விழுந்திருந்தது. மூன்றாவதற்குத்தான் இன்றைக்கு வந்திருக்கிறார்கள்.

அறிவுரை சொல்லும் வேலை புது டாக்டர்களுடையது. படித்து முடித்த கையோடு வருவார்கள், வெள்ளைக் கோட்டில் மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. நாலு மாதத்துக்கு ஒரு கூட்டம் வரும், போகும். முதல் முறை பார்த்தவருக்குக் கடுகின் அம்மா வைத்த பெயர் கிளிப்பிள்ளை. தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ஒன்பது குறிப்பையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு, புரிந்ததா என்று சுவரைக் கேட்டார். இரண்டாவது முறை பார்த்தவள் பெருமூச்சு. கடுகு வாயைத் திறந்ததும் ஒன்று விட்டாள், மூடியதும் ஒன்று விட்டாள். பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், இதுகூடத் தெரியாதா என்று நடுவில் ஒரு வார்த்தை. இரண்டு முறையும் கடுகின் அம்மா பூம்பூம் மாடு கணக்காகத் தலையாட்டினாள். டாக்டர் முன்னால் வாய் திறக்க யாருக்கு வரும்?

தலையாட்டியதோடு நிற்கவில்லை. சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாள். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தாள். காலையும் இரவும் பிள்ளையை மடியில் சாய்த்து, உதட்டைத் தூக்கி, இரண்டு நிமிடம் எண்ணித் தேய்த்தாள். மிட்டாய் கொடுத்ததற்காகப் பக்கத்து வீட்டு அக்காவோடு சண்டை போட்டாள், அந்த அக்கா இன்றுவரை பேசுவதில்லை. போன மாதம் கீழ்வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள். எல்லாப் பிள்ளைகளும் கேக் தின்றன. கடுகு மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. அழுதிருந்தால் தேவலை என்று அவள் அம்மா அன்றைக்கு நினைத்தாள்.

இத்தனைக்குப் பிறகும் போன வாரம் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல் இன்னும் ஒரு நூல் கரைந்திருந்தது. அப்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள். இந்த முறை தலையாட்டுவதில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே வரிசையாக ஏழு நாற்காலி, ஏழு விளக்கு. கடைசி நாற்காலியில் நின்ற பெண்ணுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். கோட் தோளில் தொங்கியது. கையில் பிளாஸ்டிக் பல்செட்டும் முழங்கை நீளத்துக்கு ஒரு பிரஷும் வைத்திருந்தாள். இவளுக்குப் பெயர் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. புதுசு.

புதுசு தாளை எடுத்து மேலிருந்து நிரப்பத் தொடங்கினாள். வயது. எடை. வேறு நோய் உண்டா, வலிப்பு. மருந்து ஏதாவது உண்டா, வலிப்பு சிரப், இரண்டு வருடமாக. எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதினாள். பிறகு பல்செட்டைத் திறந்து, பிரஷை வட்டமாகச் சுற்றிக் காட்டி, ஒன்றாவது குறிப்பிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு குறிப்பு முடிந்ததும் நிறுத்தித் தலையாட்டலுக்காகக் காத்திருந்தாள். கடுகின் அம்மாவின் கழுத்து அசையவில்லை. நாலாவது குறிப்புக்குப் புதுசின் குரல் தடுமாறியது. இனிப்பு எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்டாள். தருவதே இல்லை என்று பதில் வந்ததும் அவள் முகத்தில் ஓடியதைப் பார்க்க வேண்டுமே. எல்லா அம்மாவும் இப்படித்தான் சொல்வார்கள் என்று இவர்களுக்கு வகுப்பிலேயே சொல்லித்தருவார்கள் போலிருக்கிறது.

"புரியுதாம்மா?" என்றாள் புதுசு.

"போன தடவையே புரிஞ்சுது. அதுக்கு முந்தின தடவையும் புரிஞ்சுது. இன்னிக்கு நான் தலையாட்டப் போறதில்ல டாக்டர். நீங்க சொன்ன எல்லாத்தையும் செஞ்சாச்சு. செஞ்சும் பல்லு போகுது. ஏன்னு மட்டும் சொல்லுங்க."

ஒன்பது குறிப்பில் இதற்குப் பதில் இல்லை. புதுசு பல்செட்டை மூடி வைத்துவிட்டு, விளக்கைத் திருப்பி, கடுகின் உதட்டைத் தூக்கினாள். முதலில் சாதாரணமாகப் பார்த்தாள். அப்புறம் குனிந்து பார்த்தாள். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ஈறோரமாகச் சுற்றி வந்தாள். ஈறு சுத்தமாக இருக்கிறதே என்று முணுமுணுத்தது அவளுக்காக மட்டும். ஆனால் கடுகின் அம்மாவுக்குப் பாம்புக் காது.

"சுத்தமா இருந்தா என்ன அர்த்தம்?"

புதுசு தயங்கினாள். "தினமும் ஒழுங்கா தேய்ச்சு விடற பிள்ளைக்குத்தான் ஈறு இப்படி இருக்கும். தேய்க்காம விட்டா வீங்கி, தொட்டா ரத்தம் வரும். இவளுக்கு அழுக்கே படியல. ஆனா பல்லு..." என்று இழுத்தாள்.

"அப்ப அந்தத் தாள்ல என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கு? படிங்க."

அது எங்களுக்குள் எழுதிக்கொள்வது, நோயாளிகளுக்குக் காட்டுவதில்லை என்றாள் புதுசு. என் பிள்ளையின் வாயையும் என் வளர்ப்பையும் பற்றி எழுதியது உங்களுக்குள் எப்படி வரும் என்று கடுகின் அம்மா கேட்டாள். குரல் உயரவில்லை, ஆனால் அடுத்த நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். புதுசு தாளைத் திருப்பி, வாய்க்குள்ளேயே படித்தாள். சத்தமாக என்றாள் இவள். சத்தமாகவே படிக்க வேண்டியதாயிற்று. பெற்றோருக்கு அக்கறை இல்லை. தேதி, கையெழுத்து. பெற்றோருக்கு அக்கறை இல்லை, தாய் உண்மையை மறைக்கிறார். தேதி, கையெழுத்து.

டிக் விழுந்தது தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் ஒருத்தி வாயால் கேட்கும்போது செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. மறைக்கிறார் என்றதுதான் தாங்கவில்லை. கடுகு கேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது. அழுதுவிடுவோமோ என்று பயந்தாள். இங்கே அழுதால் அதையும் எழுதிவைப்பார்கள் என்ற எண்ணம் வந்ததும் கண்ணீர் தானாக உள்ளே போய்விட்டது.

அவள் வேலை சட்டைத் தொழிற்சாலையில். தைத்து முடித்த சட்டைகள் கடைசியாக வந்து நிற்பது அவள் மேசையில். தப்பு எங்கே இருக்கிறதோ அங்கே விரல்நகம் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவாள். கைப்பையில் எப்போதும் ஒரு பட்டை கிடக்கும், கடுகுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். காலர் கோணினால் கடைசியாகக் காலரில் கைவைத்தவளைத்தான் சூப்பர்வைசர் கடிப்பார். இவள் விடமாட்டாள். சட்டையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் பின்னோக்கிப் போவாள். பத்தில் ஏழு தடவை தப்பு காலரில் இருக்காது, நாலு மேசை முன்னால் வெட்டினதில் இருக்கும். இதற்காகச் சூப்பர்வைசரோடு அவள் போடாத சண்டை இல்லை.

"எங்க ஃபேக்டரில ஒரு பீஸ் கெட்டுப்போனா பின்னாடிலேருந்து பாப்போம்" என்றாள். "நீங்க எல்லாரும் முன்னாடிலேருந்தே கேக்கறீங்க. காலைல என்ன, மத்தியானம் என்ன, ராத்திரி தேய்ச்சீங்களா, சரி, முடிஞ்சுது. இப்ப பின்னாடிலேருந்து கேளுங்க. பிள்ளை தூங்கிடுச்சு. அதுக்கு முன்னாடி என்ன?"

புதுசு என்ன நினைத்தாளோ, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். இந்த அறையில் ஒரு டாக்டர் தன் கண்மட்டத்துக்கு வந்து உட்கார்ந்தது இதுவே முதல் தடவை என்பதைக் கடுகின் அம்மா கவனித்தாள்.

"தூங்கறதுக்கு முன்னாடி என்ன?" என்று புதுசு கேட்டாள்.

"லைட்ட அணைப்பேன்."

"அதுக்கு முன்னாடி?"

"மருந்து குடுப்பேன்."

"அதுக்கு முன்னாடி?"

"பல்லு தேய்ச்சு விடுவேன்."

புதுசு அதற்கு மேல் பின்னால் போகவில்லை. தேய்த்த பிறகா மருந்து என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம், மூன்றாவது மாடியில் வலிப்புக்குப் பார்க்கும் டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறார் என்றாள் இவள். படுத்த பிறகு கடைசியாகக் கொடுக்க வேண்டும், குடித்ததும் தண்ணீர்கூட வேண்டாம், துப்பிவிட்டால் மருந்து வீணாகிவிடும். இரண்டு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. தவறினால் வலிப்பு வரும், மருந்து தொடங்கும் முன் ஒருமுறை வந்து பார்த்தாயிற்று. மருந்து இப்போதும் கைப்பையில்தான் இருக்கிறது, அது இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை.

புதுசு பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தாள். சுண்டுவிரல் நுனியில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். பிறகு பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"சர்க்கரைப் பாகும்மா இது" என்றாள். "பாதிக்கு மேல சர்க்கரை. ராத்திரி முழுக்கப் பல்லு மேலயே நிக்கும். தூங்கறப்ப எச்சில்கூட ஊறாது கழுவறதுக்கு."

இனிப்பு தருகிறீர்களா என்று மூன்று பேர் கேட்டார்கள். மருந்தை இனிப்பென்று யார் சொல்வார்கள்? பல் தேய்த்த பிறகு எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள் என்றார்கள். மருந்தைச் சாப்பாடென்று யார் நினைப்பார்கள்? கீழ்மாடி சொன்னதையும் கேட்டாள், மேல்மாடி சொன்னதையும் கேட்டாள். இரண்டையும் ஒழுங்காகக் கேட்டதால்தான் பிள்ளையின் பல் போயிற்று. ஒன்றையாவது சோம்பேறித்தனமாக விட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

கடுகின் அம்மா தன் வலது கையைப் பார்த்தாள். எழுநூறு ராத்திரி அந்தக் கையால்தானே ஊற்றினோம் என்று எண்ணினாள். ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் கோபம் வந்து அதைத் தள்ளிவிட்டது. தாளை எட்டி எடுத்தாள். மேலே, மருந்து என்ற வரிசையில், மூன்று தேதிக்கும் நேராக மூன்று விதக் கையெழுத்து இருந்தது. "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று விரலை வைத்தாள். வலிப்பு சிரப், வலிப்பு சிரப், வலிப்பு சிரப் என்று புதுசு படித்தாள். மூன்றாவது அவளே கால்மணி நேரத்துக்கு முன் எழுதியது. காது மடல் வரை சிவந்துபோனாள். மேலே மருந்தை எழுதிவிட்டு, அதே தாளில் கீழே இறங்கி வந்து தாயைக் குற்றம் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

அப்போதுதான் பெரிய டாக்டர் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஏழு நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருப்பவர். கெட்ட மனிதர் அல்ல, ஒரு நாளைக்கு அறுபது வாய் பார்க்கிறவர். ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டார். மூன்றாவது தடவைதானே, சொத்தை கூடியிருக்கிறதா, கூடியிருந்தால் டிக் போட்டு அனுப்புங்கள் என்றார்.

புதுசு எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். பெரிய டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பாட்டிலைப் பார்த்தார். ம் என்றார். நல்ல விஷயம், கண்டுபிடித்துவிட்டீர்கள், இனிமேல் மருந்து முதலில், தேய்ப்பது பிறகு, சர்க்கரை இல்லாத மருந்து கிடைக்குமா என்று மேலே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும் என்றார். ஆனால் பழைய டிக்கை அழிக்க வழியில்லை. சொத்தையும் கூடியிருக்கிறது. சட்டம் சட்டம்தான். ஆறு மாதம் சரியாகச் செய்துகாட்டட்டும், மறுபடி வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆறு மாதத்தில் வேர் வரைக்கும் போய்விடும் என்று கடுகின் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் போட மாட்டேன் சார்" என்றாள் புதுசு.

பெரிய டாக்டர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். உங்கள் பயிற்சித் தாளில் கையெழுத்துப் போட வேண்டியது நான்தான் என்பது நினைவிருக்கிறதா என்று சாதாரணமாகக் கேட்டார். இருக்கிறது என்றாள். உட்கார்ந்து, அடிக்கட்டத்தைக் காலியாக விட்டு, அதன் பக்கத்து ஓரத்தில் எழுதினாள். எழுதியதை, யாரும் கேட்காமலே, சத்தமாகப் படித்தாள். தாய் நாம் சொன்ன அனைத்தையும் செய்திருக்கிறார். கேட்க வேண்டியதை நாம் கேட்கவில்லை. கீழே பெயர் முழுவதையும் எழுதினாள்.

கடுகின் அம்மாவுக்கு அந்தப் பெண்ணை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கு நேரமில்லை. கைப்பையைத் திறந்து அம்புப் பட்டையை எடுத்தாள். தாளில் 'இனிப்பு, பிஸ்கட், பழச்சாறு, பால் பாட்டில்' என்று அச்சடித்திருந்த கேள்விக்கு நேராக, மருந்து என்ற வார்த்தை இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்தில், ஒரு சிவப்பு அம்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"என்னம்மா இது?" என்றார் பெரிய டாக்டர்.

"தப்பு இருக்கற இடம் சார். சட்டத்தப் பத்தி நீங்க சொன்னீங்க. எங்க ஃபேக்டரிலயும் ஒரு சட்டம் இருக்கு. தப்பச் சரி பண்ணாம அம்ப எடுக்கக் கூடாது. அம்பு இருக்கற பீஸ யாரும் பெட்டில போட்டு மூடவும் கூடாது. இந்தத் தாள நீங்க மூடணும்னா, முதல்ல இந்தக் கேள்விய எழுதுங்க. இதே சிரப்பக் குடிக்கற பிள்ளைங்க மேல மாடில எத்தன பேர் இருக்காங்களோ. அவங்க அம்மாக்கள் எல்லாரும் வெளிய உக்காந்து உங்ககிட்டத் தலையாட்டக் காத்துக்கிட்டிருக்காங்க."

பெரிய டாக்டர் அம்பையே பார்த்தார். அதன் ஓரத்தில் நகத்தை வைத்தார். பிறகு, என்ன தோன்றியதோ, எடுத்துவிட்டார், நகத்தை. தாளை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பதினேழு பதினேழாவே இருக்கட்டும்" என்றார் புதுசைப் பார்த்து. போகிற போக்கில், மேல்மாடிக்கு ஒரு போன் போடச் சொன்னார்.

புதுசு கடுகின் கன்னத்தைத் தொட்டு, போய் வா என்றாள். கடுகின் அம்மா அவளுக்கு இப்போதுதான் தலையாட்டினாள், ஒரே ஒரு தடவை.

வாசலில், அந்தப் படத்தின் எதிரே கடுகு நின்றுவிட்டாள். "எனக்கு ஒரு அம்பு" என்று கையை நீட்டினாள். வேறு நாளாக இருந்தால் அம்மா, பொது இடத்துச் சுவரில் ஒட்டக் கூடாது என்று முதுகில் ஒன்று வைத்திருப்பாள். இன்றைக்குப் பட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து அந்தச் சின்ன விரலில் வைத்தாள். எட்டவில்லை. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். கடுகு நாக்கைக் கடித்துக்கொண்டு, சிரிக்கும் பல்லின் நீட்டிய விரல்மேல் அம்பை ஒட்டினாள், கூர்முனை அதன் பக்கமே திரும்பியிருக்கும்படி. சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். உதட்டை மூட மறந்துபோனாள்.